உளைச்சல் இறுக்கும் நூல்

தேர்வுத் தாளைத் திருப்புவதற்கு முந்தைய ஒரு நிமிடம். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசோல் ஆகியவற்றை இரத்தத்தில் கலக்கின்றன. கவனம் கூர்மையடைகிறது. தேர்வு முடிந்து நண்பர்களோடு சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்த சிறிது நேரத்தில் கார்ட்டிசோலின் அளவு இறங்கத் தொடங்கும். ‘போதும், நிறுத்து’ என்று உத்தரவிடுவது மூளையே. இத்தகைய உளைச்சலால் கேடு இல்லை. சொல்லப்போனால், அது இல்லாவிட்டால் நம்மில் பலர் புத்தகத்தையே திறந்திருக்கமாட்டோம்.

உளைச்சல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தால் நிலைமை வேறு. நாள்தோறும் கேலிக்கு ஆளாகும் மாணவர், தீராத கடனில் தவிப்பவர், நோயுற்ற உறவினரை ஆண்டுக்கணக்கில் தனியாகக் கவனித்து வருபவர் ஆகியோரை மனச்சோர்வு நோய் எளிதில் பற்றுகிறது. மனச்சோர்வு என்பது ஒரு நாள் வருத்தம் அன்று. பிடித்த செயல்களில்கூட நாட்டமின்மை, உறக்கக் கேடு, தன்மீதே வெறுப்பு போன்ற அறிகுறிகள் இரண்டு வாரங்களாவது நீடித்தால்தான் மருத்துவர்கள் அதை நோயாகக் கொள்கின்றனர். உளைச்சலுக்கான காரணம் நீங்கிய பின்னும் நோய் நீங்காதிருப்பதுண்டு. ஏன்? விடையின் ஒரு பகுதி மரபணுக்களிடம் இருக்கிறது.

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். டிஎன்ஏவுக்கு இரண்டு பொருளும் பொருந்துகின்றன. உடலை உருவாக்கும் குறிப்புகள் எழுதப்பட்ட புத்தகம் அது. அதே வேளையில் மிக மெல்லிய இழையும்கூட. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணுவுக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் நீள இழை, ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளில் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று தளர்ந்திருக்கும் இடத்தில் உள்ள மரபணுவை உயிரணுவால் படிக்க முடியும். இறுகியிருக்கும் இடத்தில் படிப்பது கடினம். எங்கே தளர வேண்டும், எங்கே இறுக வேண்டும் என்பதை முடிவுசெய்பவை, உருளையிலும் இழையிலும் ஒட்டிக்கொள்ளும் சிறு வேதிக்குறிகள். பொதுவாக, அசிட்டைல் என்னும் குறி உருளையில் ஒட்டினால் சுற்று தளரும். மெத்தில் குறிகளில் சில அதை இறுக்கும். எழுத்துகள் மாறுவதில்லை, படிக்கப்படும் பக்கங்களே மாறுகின்றன. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்து மற்றவருக்கு வராமல் போவது எப்படி என்பதை ஆராய்பவர்கள் இக்குறிகளையும் ஆராய்கின்றனர்.

நீடித்த உளைச்சல் இக்குறிகளை மாற்றுமா? அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் எரிக் நெஸ்லரின் குழு சுண்டெலிகளைக் கொண்டு இதனைச் சோதித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு சிறிய சுண்டெலியைப் பெரிய முரட்டுச் சுண்டெலியின் கூண்டுக்குள் சில நிமிடங்கள் விட்டனர். அது தாக்கப்பட்டுப் பணிந்தது. பிறகு நடுவே துளைகள் உள்ள தடுப்பை வைத்தனர். அதன்பின் அடி விழவில்லை. ஆனால், அந்த முரட்டு எலியின் உருவமும் வாடையும் எப்போதும் அருகிலேயே இருந்தன. மறுநாள் வேறொரு முரட்டு எலி. இப்படிப் பத்து நாள்கள். அதன்பின், தனக்கு எத்தீங்கும் செய்யாத புதிய எலியைக் கண்டாலும் அது மூலையில் ஒதுங்கியது.

ஹிப்போகேம்பஸ் என்பது கடல்குதிரை வடிவிலான மூளைப்பகுதி. நினைவாற்றலுக்கு உதவும் அப்பகுதிக்கு, கார்ட்டிசோலை அடக்குவதிலும் பங்குண்டு. அங்கே பிடிஎன்எஃப் என்னும் புரதம் நரம்பணுக்களுக்கு உரம்போல் உதவுகிறது. தாக்கப்பட்ட எலிகளில் அப்புரதத்திற்கான மரபணுவின்மேல் இறுக்கும் மெத்தில் குறிகள் பெருகியிருந்தன; மரபணுவின் இயக்கம் குறைந்திருந்தது. கடைசித் தாக்குதல் நடந்து நான்கு வாரங்கள் கழிந்த பின்னும் அதே நிலைதான்.

அடுத்து, மனச்சோர்வுக்கான பழைய மருந்துகளுள் ஒன்றான இமிப்ரமினை எலிகளுக்குப் பல வாரங்கள் தொடர்ந்து கொடுத்தனர். மரபணு மீண்டும் இயங்கியது. ஆனால், இறுக்கிய மெத்தில் குறிகள் அகலவில்லை! தளர்த்தும் அசிட்டைல் குறிகளே புதிதாகச் சேர்ந்திருந்தன. முடிச்சு அவிழவில்லை, முடிச்சு இருக்கும்போதே இழை நெகிழ்ந்தது. மனச்சோர்வு மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆவதற்கு இத்தகைய மெதுவான மாற்றங்களும் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. இதே முறையில் தாக்கப்பட்ட எலிகள் எல்லாமே ஒதுங்கிவிடுவதில்லை. ஒரு பகுதி எலிகள் வழக்கம்போல் பழகுகின்றன. அவற்றின் மூளையில் எதுவும் நிகழவில்லை என்றே நாம் நினைப்போம். 2007இல் வெளியான முடிவு வேறுவிதமாக இருந்தது. மூளையில் ஊக்கத்தோடு தொடர்புடைய ஒரு பகுதியில், ஒதுங்கிய எலிகளைவிடத் தாங்கிக்கொண்ட எலிகளில்தான் அதிக மரபணுக்களின் இயக்கம் மாறியிருந்தது. தாங்கிக்கொள்வது என்பது மரத்துப்போவது அன்று. மூளை செய்யும் வேலை அது.

எலியின் மூளை மனித மூளை அன்று. வாழும் மனிதரின் மூளையிலிருந்து இக்குறிகளை எடுத்துப் பார்க்கவும் இயலாது. ஆகவே, ஆய்வாளர்கள் இரத்தம், தொப்புள்கொடி போன்றவற்றை நாடுகின்றனர். சிங்கப்பூரில் 2009இல் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வில், கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகள் சேர்ந்தனர். அவர்களுடைய குழந்தைகள் பலரின் தொப்புள்கொடியில் இருந்த மெத்தில் குறிகள் ஆராயப்பட்டன. குழந்தைக்குக் குழந்தை காணப்பட்ட வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றைப் பரம்பரையும் கருப்பைச் சூழலும் சேர்ந்தே விளக்கின; சூழல் ஒன்று மட்டும் விளக்கவில்லை. தாயின் கர்ப்பகால மனநிலைக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பும் அதே ஆய்வில் கவனிக்கப்படுகிறது. அன்று பிறந்த குழந்தைகள் இன்று உயர்நிலைப் பள்ளி வயதை எட்டிவிட்டனர்.