ஏ.ஸி.யில் “கேஸ்” தீர்ந்து போகுமா?

மாசி கழிந்து பங்குனி பிறந்ததும் சென்னையில் பல வீடுகளில் ஒரு மனிதருக்காக வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பார்கள். ஊரிலிருந்து வரும் மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு காத்திருப்பு கிடையாது. தோளில் ஒரு பை, கையில் சிறு தண்ணீர்ப் பம்பு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய ஏணி சகிதம் வரும் ஏ.ஸி. மெக்கானிக்தான் அவர். “பத்து மணிக்கு வருகிறேன்” என்று அவர் வாக்குக் கொடுத்த நாளில் வீட்டு அம்மாள் சமையலைச் சீக்கிரம் முடித்துக்கொள்கிறாள். ஐயா ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிடுகிறார். மே மாதம் 4-ந் தேதி வாக்கில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டாலோ, மெக்கானிக்கின் தரிசனமே துர்லபம்!

ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகையிலும் பெரிய ஹோட்டல்களிலும் மட்டுமே இருந்த இந்தச் சாதனம் இன்று நடுத்தரக் குடும்பங்களின் படுக்கையறைச் சுவருக்கு வந்துவிட்டது. தவணை முறையில் வாங்கியவர்கள் அநேகர். அந்தச் சாதனத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவர்களோ வெகு சிலர். வைத்தியரிடம் நாடியை நீட்டுவது போல, மெக்கானிக்கிடம் வீட்டுக்காரர் தம் நம்பிக்கையைத்தான் நீட்டுகிறார். ஆகவே இத்தொழிலில் பாதி, யந்திரத்தைச் சுத்தம் செய்வது. மறு பாதி, அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது.

பனிக்கட்டி தந்த கணக்கு

“ஒன்றரை டன் ஏ.ஸி.” என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுவரில் மாட்டிய பெட்டி ஒன்றரை டன் எடையா இருக்கிறது? இல்லையே! பின் இந்த “டன்” எங்கிருந்து வந்தது?

மெரினாக் கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம் 1842-ல் பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வெட்டி, பனிக்கட்டியைக் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார். ஐஸ் ஹவுஸ் என்ற பேட்டையின் பெயர் இன்றும் அந்த நாளைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பனிக்கட்டிதான் குளிர்ச்சி என்றிருந்த அந்தக் காலத்தின் கணக்குதான் இன்றைய “டன்”. அமெரிக்கக் கணக்கில் ஒரு டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் முழுதும் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன் குளிர்ச்சி. நம் படுக்கையறைச் சுவரில் இருக்கும் ஒன்றரை டன் யந்திரம் முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால், 1,300 கிலோவுக்கு மேற்பட்ட பனிக்கட்டியின் வேலையைச் செய்கிறது!

இன்றைய ஏ.ஸி.யின் முன்னோடியை 1902-ல் வடிவமைத்தவர் வில்லிஸ் காரியர் என்ற இளம் அமெரிக்க எஞ்சினீயர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சுக்கூடத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி வர்ணங்கள் இடம் மாறி விழுந்தன. அந்த ஈரத்தை அடக்கவே அவர் அந்த யந்திரத்தை உருவாக்கினார். மனிதர்களின் சுகத்துக்கு வந்தது பிற்பாடுதான்.

வாசலிலேயே வேலை ஆரம்பம்

நல்ல மெக்கானிக்கின் வேலை ஸ்க்ரூடிரைவரை எடுக்கும்போது தொடங்குவதில்லை. புறப்படும்போதே போன் செய்து, “அம்மா, இன்னும் அரை மணியில் வந்துவிடுவேன்” என்கிறார். தாமதமானால் அதையும் சொல்லிவிடுகிறார். பத்து மணி என்றவர் மூன்று மணிக்கு வந்தால், ஒரு குடும்பத்தின் நாள் முழுதும் வீணாகிவிடும் என்பதை அவர் அறிவார்.

வாசலில் அடையாள அட்டையைக் காட்டிச் செருப்பைக் கழற்றுகிறார். பகல் வேளையில் வீட்டில் பெண்களோ வயதானவர்களோ தனியாக இருப்பது சகஜம். அந்நியர் ஒருவர் படுக்கையறை வரை வருகிறார் என்ற கூச்சம் அவர்களுக்கு இருக்கத்தானே செய்யும்? அதை உணர்ந்தவர், “உள்ளே வரலாமா அம்மா? கட்டில் மேல் துணி விரித்துக்கொள்கிறேன்” என்று கேட்டுத்தான் அடி எடுத்து வைக்கிறார்.

அடுத்தது, கேள்வி. “என்ன குறை, அம்மா? குளிர்ச்சி போதவில்லையா? தண்ணீர் சொட்டுகிறதா? சத்தம் வருகிறதா? எத்தனை நாளாக?” வீட்டாருடைய பதிலில் பாதி நோய் தெரிந்துவிடும். “ராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான் தண்ணீர் சொட்டுகிறது, தம்பி” என்று ஒரு பாட்டி சொல்வது எந்த மீட்டரும் காட்டாத தகவல். பிறகு யந்திரத்தை ஒரு முறை ஓடவிட்டுப் பார்க்கிறார். வந்தபோது இருந்த நிலை தெரிந்தால்தானே, போகும்போது செய்த வேலையைக் காட்ட முடியும்?

முதலில் அழுக்கு, பிறகு அளவு

அடுத்து மின்சாரத்தை நிறுத்துகிறார். ரிமோட்டில் அணைத்தால் போதாது. சுவரிலுள்ள ஸ்விட்சையே அணைக்க வேண்டும். வெளி யந்திரத்தில் கெபாஸிட்டர் என்று ஓர் உறுப்பு உண்டு. மின்சாரம் நின்ற பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அனுபவசாலி அதை வடித்த பிறகே அதன் மேல் கை வைப்பார்.

உள் யந்திரத்தின் மூடியைத் திறந்தால் முதலில் தென்படுவது ஃபில்டர் என்ற வலை. தூசி அடைத்த அந்த வலை மூக்கடைத்த மனிதனுக்குச் சமானம். அதன் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கிய காயில். அதன் கீழே தண்ணீர் வடியும் தட்டும் குழாயும் இருக்கின்றன. சென்னையைப் போன்ற கடலோர ஊரில் காற்றில் ஈரம் அதிகம். யந்திரம் தினம் பல லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிழிந்து வெளியேற்றுகிறது. குழாயில் பாசி அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் சுவர் வழியே கட்டிலுக்கு இறங்கிவிடும்.

யந்திரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை கட்டி, பம்பினால் தண்ணீரைப் பீய்ச்சிக் காயிலைக் கழுவுகிறார். வாளியில் விழும் தண்ணீர் காப்பி டிக்காக்ஷன் நிறத்தில் இருக்கும். “இதையா இத்தனை நாள் சுவாசித்தோம்!” என்று வீட்டாருக்குத் தூக்கிவாரிப் போடும். வெளி யந்திரத்தின் காயிலையும் இதே போல் கழுவ வேண்டும். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புக் காற்று அலுமினியத் தகடுகளைப் பொடிப்பொடியாக்கும். சாக்கடைக் கால்வாய் ஓரங்களில் எழும் கந்தக வாயு செம்புக் குழாயை அரிக்கும். அத்தகைய இடங்களில் வருஷத்துக்கு ஒரு முறை போதாது.

கழுவி முடித்த பிறகே அளவெடுக்கும் வேலை. இந்த வரிசைதான் முக்கியம். வலை அடைத்திருந்தாலும் காயிலில் பனி உறையும். உள்ளே வாயு குறைந்திருந்தாலும் பனி உறையும். நோய் இரண்டு, அறிகுறி ஒன்று! கழுவுமுன்பே பனியைக் காட்டி, “கேஸ் இல்லை, சார்” என்று சொல்கிறவர், நாக்கைப் பார்த்தவுடன் ஆபரேஷன் என்று சொல்லும் வைத்தியருக்கு ஒப்பானவர்.

தீராத கேஸ்

“வருஷா வருஷம் கேஸ் போட வேண்டியிருக்கிறது” என்று அலுத்துக்கொள்ளும் குடும்பங்கள் பல. மோட்டார் வண்டிக்குப் பெட்ரோல் போல இதுவும் செலவாகிவிடும் என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். வாஸ்தவம் என்னவென்றால், ஏ.ஸி.யில் வாயு செலவாவதே இல்லை. மூடிய குழாய்க்குள் அது ஓயாமல் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்குகிறது. வெளியே கம்ப்ரஸரின் அழுத்தத்தால் சூடேறி, திரவமாக மாறி, அந்த வெப்பத்தை விட்டுவிடுகிறது. யந்திரத்தின் ஆயுள் முழுதும் இதே வாயு இதே வேலையைச் செய்யக்கூடியது.

வாயு குறைந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கோ ஓட்டை! ஓட்டையை அடைக்காமல் வாயு நிரப்புவது, பொத்தல் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதே. நாணயமான மெக்கானிக் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். அதை அடைத்த பின், பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் முற்றிலும் இழுத்தெடுக்கிறார். பிறகே தராசில் நிறுத்து வாயுவைச் செலுத்துகிறார். எந்த வாயு, எத்தனை கிராம் என்பது வெளி யந்திரத்தின் மேல் ஒட்டிய சீட்டிலேயே அச்சிட்டிருக்கும். வீட்டுக்காரர் அதைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார்.

இதில் வீட்டுப் பணம் மட்டும் சம்பந்தப்படவில்லை. பழைய யந்திரங்களில் உள்ள ஆர்-22 வாயு, பூமிக்குக் குடையாக இருக்கும் ஓஸோன் படலத்தைக் கெடுப்பது. 1987-ல் ஏற்பட்ட மான்ட்ரீல் உடன்படிக்கையின்படி உலக நாடுகள் அதைப் படிப்படியாகக் கைவிட்டு வருகின்றன. புதிய யந்திரங்களில் வரும் ஆர்-32 ஓஸோனைக் கெடுக்காது. ஆயினும் அதில் ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில் 675 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம். ஆர்-22 என்றால் 1,810 கிலோ! ஓட்டையை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயு நிரப்புகிறவர், வீட்டுக்காரரின் பர்ஸோடு வானத்தையும் சேர்த்து ஓட்டையாக்குகிறார்.

ஆர்-32 ஓரளவு தீப்பற்றக் கூடியது. சில யந்திரங்களில் உள்ள ஆர்-290 என்பது புரோப்பேன். சமையல் கேஸில் கலந்திருக்கும் அதே பொருள். ஆகவே பயிற்சி இல்லாதவர் கையில் விடும் வேலை அல்ல இது. ஒரு வாயு இருந்த யந்திரத்தில் வேறு வாயுவைக் கலப்பதும் ஆபத்து.

அந்தரத்தில் ஓர் உயிர்

உள் யந்திரத்தைக் கழுவும்போது வாளி பிடித்து உதவும் வீட்டார், வெளி யந்திரத்தைக் கழுவும்போது எங்கே பார்க்கிறார்கள்? மூன்றாவது மாடிச் சுவரின் வெளிப்புறத்தில் இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. உப்புக் காற்றில் அந்தத் தாங்கியே துருப்பிடித்திருக்கும். ஜன்னல் விளிம்பில் ஒரு காலும், யந்திரத்தின் மேல் ஒரு காலுமாக நின்று அந்த மனிதர் வேலை செய்கிறார். கீழே சிமெண்டுத் தரை.

இடுப்புப் பட்டையும் கயிறும் இல்லாமல் அங்கே இறங்குவது வீரம் ஆகாது. “பெல்ட் இல்லாமல் நான் இறங்க மாட்டேன், சார், நாளைக்கு ஆள் கூட்டி வருகிறேன்” என்று சொல்பவரைச் சோம்பேறி என்று ஏசுகிறவர்கள் உண்டு. “போன தடவை வந்தவன் ஐந்து நிமிஷத்தில் முடித்தானே!” என்று தூண்டிவிடுகிறவர்களும் உண்டு. ஓர் அறையின் குளிர்ச்சிக்காக ஒரு குடும்பத்தின் விளக்கை அணைக்கலாமா? யந்திரத்தை முதன்முதலில் மாட்டும்போதே பால்கனியிலோ, மொட்டை மாடியிலோ, கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டால் இந்தக் கண்டமே வராது. அது வீட்டுக்காரரின் கடமை.

விடைபெறுமுன்

எல்லாம் பூட்டியாயிற்று. யந்திரம் கால் மணி நேரம் ஓடுகிறது. காற்று உள்ளே போகுமிடத்திலும் வெளியே வருமிடத்திலும் தெர்மாமீட்டர் வைத்து, ஏறக்குறைய 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருப்பதைக் காட்டுகிறார். வடிகுழாயில் தண்ணீர் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்கிறார். மாற்றிய உறுப்பு ஏதேனும் இருந்தால் பழையதை வீட்டாரிடமே ஒப்படைக்கிறார். தரையைத் துடைக்கிறார். விரித்த துணியை அழுக்கு உள்ளடங்க மடித்து எடுத்துக்கொள்கிறார்.

பிறகு இரண்டு நிமிஷம் பாடம். “இந்த வலையை நீங்களே கழற்றி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டிவிடுங்கள், அம்மா. அதற்கு நான் வர வேண்டியதில்லை. 18-ல் வைக்காதீர்கள், 24-ல் வைத்து ஃபேனையும் போடுங்கள்.” இந்த 24 டிகிரி அவர் இஷ்டத்துக்குச் சொன்னதல்ல. இந்தியாவில் விற்கும் நட்சத்திரக் குறியிட்ட ஏ.ஸி.கள், ஆரம்ப நிலையாக 24 டிகிரியிலேயே ஓடத் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி இருக்கிறது. ஒரு டிகிரி உயர்த்தினால் மின்சாரச் செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

கடைசியாக பில். வரும் முன் சொன்ன தொகைதான் அதில் இருக்கிறது. “கேஸ் பார்த்தேன், சரியாக இருக்கிறது. போட வேண்டியதில்லை” என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தால் அன்று அவருக்குக் கிடைக்கக்கூடிய சில ஆயிரம் ரூபாய் கைநழுவிப் போகிறது. வீட்டில் எவருக்கும் அளக்கத் தெரியாது. பொய் சொல்லியிருந்தாலும் கண்டுபிடிக்க ஆளில்லை. அப்படியிருந்தும் உண்மையைச் சொன்னார் அல்லவா? அடுத்த பங்குனியில் அந்த வீட்டார் அவரையே கூப்பிடுவார்கள். எதிர் வீட்டாருக்கும் அவர் நம்பரைத்தான் கொடுப்பார்கள்.

இத்தகைய மனிதருக்கு வீட்டாரும் கொஞ்சம் கடமைப்பட்டவர்கள். சொன்ன நேரத்தில் வீட்டில் இருப்பது, கட்டில் மேஜைகளை முன்கூட்டியே நகர்த்தி வைப்பது, ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர், பேரமில்லாத கூலி. இவற்றுக்கு அதிகச் செலவில்லை. பிறர் வீட்டு அறைகளை நாள் முழுதும் குளிரவைத்துவிட்டு, மாலையில் அநேகமாக வெறும் மின்விசிறியின் கீழ்ப் படுக்கப் போகிறவர் அவர். அவரை உட்காரச் சொல்லி, அந்தக் குளிர்ந்த அறையில் ஐந்து நிமிஷம் இளைப்பாறச் சொன்னால், ஏ.ஸி. ஒன்றும் தேய்ந்துவிடாது.