இணையச் சேவை முடங்கினால் கோளாறு எங்கே?

பரீட்சைப் பெறுபேறு, வங்கிக் கணக்கு, அரசாங்க விண்ணப்பம் என அன்றாட அலுவல்கள் பலவும் இன்று இணையத்தின் ஊடாகவே நடைபெறுகின்றன. ஒரு தளம் திறக்க மறுத்தால் 'சேர்வர் பழுது' என்ற பதிலுடன் விடயம் முடிக்கப்பட்டுவிடுகிறது. ஆனால், கோளாறு எமது இணைப்பிலா, இடைவழியிலா, சேவை வழங்கும் கணினியிலா என்பதைத் தொலைவிலிருந்தே கண்டறியும் கருவிகள் நான்கு தசாப்தங்களாகப் பாவனையில் உள்ளன.

அவற்றுள் ஒன்று 'பிங்'. அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் இதனை உருவாக்கினார். சிறிய தகவற்பொதி ஒன்றை அனுப்பி, பதில் வந்து சேர எடுக்கும் நேரத்தை இது அளக்கிறது. 'ட்ரேஸ்ரூட்' அப்பொதி கடந்து செல்லும் ரூட்டர்களை வரிசையாகக் காட்டுகிறது.

எனினும், பிங்குக்குப் பதில் வராததைக் கொண்டு சேவை இல்லை என முடிவு செய்வது தவறாகும். பாதுகாப்புக் கருதிப் பல நிறுவனங்கள் அதனைத் தடுத்து வைத்துள்ளன. மறுபுறம், கணினி பதிலளித்தாலும் அதிலுள்ள சேவை நின்றுபோயிருக்கலாம். வீட்டில் விளக்கு எரிவது கதவு திறந்திருப்பதற்குச் சான்றல்ல. எனவே, சேவைக்குரிய 'போர்ட்' எனும் வாயிலையே தட்டிப் பார்த்தல் வேண்டும். பாதுகாப்பான இணையத்தளங்களுக்கு இவ்வாயிலின் இலக்கம் 443 ஆகும். 'டெல்நெட்' கட்டளையில் முகவரியுடன் இவ்விலக்கத்தையும் வழங்கினால் இணைப்புக் கிடைக்கிறதா என்பது தெரிந்துவிடும். உடனடியாக மறுக்கப்பட்டால், பெரும்பாலும் கணினி இயங்குகிறது, சேவை இயங்கவில்லை என்பது பொருள். நீண்ட நேரம் எப்பதிலும் இல்லையெனில் இடைவழியையோ தடுப்புச் சுவரையோ சந்தேகிக்கலாம்.

2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி பேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்கள் முடங்கியது. பராமரிப்பின்போது வழங்கப்பட்ட தவறான கட்டளையே அதற்குக் காரணம். பெயரை இலக்க முகவரியாக மாற்றித் தரும் அதன் டி.என்.எஸ். சேர்வர்கள் இயங்கிக்கொண்டிருந்தபோதும், அவற்றை அடையும் வழிகள் இணையத்திலிருந்து மறைந்துபோயின. 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி இலங்கையில் அதே பேஸ்புக் திறக்காமைக்குக் காரணம் வேறு. அது அரச உத்தரவினால் விதிக்கப்பட்ட தடை. வெளிநாடுகளில் அது தடையின்றித் திறந்தது. பாவனையாளருக்குத் தென்பட்ட அறிகுறி ஒன்றே, பொறுப்பாளிகள் வேறு. ஓரிடத்திலிருந்து மாத்திரம் சோதிப்பது போதாது என்பதற்கு இதுவே சான்று.

மக்களுக்குச் சேவை வழங்கும் நிறுவனங்கள் தமது அலுவலகத்துக்குள்ளிருந்து மட்டுமன்றி, வெளியிலிருந்தும் தமது தளங்களைத் தொடர்ச்சியாகச் சோதித்தல் அவசியம். தடங்கல் ஏற்படும்போது அது எங்கே நேர்ந்தது என்பதை வெளிப்படையாக அறிவிப்பதும் அவற்றின் கடமையே.