பூட்டைத் திறந்து காட்டுவதும் ஒரு படிப்புதான்

"ஹேக்கர்" என்றதும் பேங்க் பணத்தைச் சுருட்டுகிறவன் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் அனுமதியோடு செய்தால் அதுவே பி.எச்டி. வரை படிக்கக்கூடிய ஒரு துறை.

நம்ம மதுரைக்குப் பக்கத்திலேயே பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் இருக்கிறது. சாவி இல்லாமல் பூட்டை எப்படியெல்லாம் திறப்பார்கள் என்று தெரிந்தவர்தான் நல்ல பூட்டுச் செய்ய முடியும். கம்ப்யூட்டர் பாதுகாப்பும் இதே கதைதான்.

ஓர் உதாரணம். பாஸ்வேர்டு மறந்துபோனால் இன்ஸ்டாகிராமிலிருந்து போனுக்கு 6 இலக்க எண் வரும். 10 நிமிடம்தான் செல்லும். மொத்தம் 10 லட்சம் எண்கள் சாத்தியம். ஒரே இடத்திலிருந்து மாற்றி மாற்றிப் போட்டால் சர்வர் தடுத்துவிடும். 2019-இல் சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா, 1000 ஐ.பி. முகவரிகளிலிருந்து ஒரே சமயத்தில் 2 லட்சம் எண்களை அனுப்பிப் பார்த்தார். போய்விட்டன! அப்படியானால் 5000 முகவரி இருந்தால் 10 லட்சமும் முடிந்தது. இதை அவர் நிறுவனத்துக்கே எழுதினார். ஓட்டை அடைபட்டது, 30,000 டாலர் பரிசும் கிடைத்தது.

"நாமும் காலேஜ் சர்வரில் கை வைத்துப் பார்ப்போமே" என்று கிளம்பிவிடாதீர்கள்! 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, உரியவர் அனுமதியின்றி நுழைந்தாலே நஷ்டஈடு கட்ட நேரும் (பிரிவு 43). மோசடி நோக்கமும் இருந்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் (பிரிவு 66).

பரிசுக்குத் தேடுகிறவர் ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார். ஆராய்ச்சியாளரோ, அந்த மாதிரி ஓட்டை ஏன் விழுகிறது என்று கேட்கிறார். 1999-இல் அமெரிக்காவில் பால் கோச்சரும் உடன் பணியாற்றியவர்களும், ஒரு சிப் இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே அதன் ரகசியச் சாவியைக் கணக்கிடலாம் என்று காட்டினார்கள். நம்ம லேபில் அலை பார்க்கிறோமே, அந்த ஆசிலோஸ்கோப்தான் இதற்கும் கருவி! ஆகவே இ.இ.இ., இ.சி.இ. நண்பர்களுக்கும் இங்கே இடமுண்டு.

வழி என்ன? டிப்ளமோ முடித்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு, பிறகு கேட் தேர்வு, எம்.இ. அல்லது எம்.எஸ்.; அதன்பின் பி.எச்டி. சென்னை ஐ.ஐ.டி.யிலும், 2002-இல் தொடங்கிய 'செட்ஸ்' நிறுவனத்திலும் இந்த ஆய்வுகள் நடக்கின்றன.

இப்போதே செய்யக்கூடியதும் உண்டு. சி, நெட்வொர்க், கணிதம் மூன்றையும் அழுத்தமாகப் படியுங்கள். சோதனையை உங்கள் சொந்த மெஷினில் செய்யுங்கள். கண்டதை நோட்டில் எழுதுங்கள். ஆராய்ச்சி அங்கேதான் ஆரம்பிக்கிறது.