கோடை நடவில் கறுப்புத் தாள் மேலே வேண்டாம்

மதுரைச் சமவெளியில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தொடுவதுண்டு. இந்நாட்களில் உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி நடும் சிறு விவசாயிகள், களையை அடக்கவும் ஈரத்தைக் காக்கவும் பாத்தியின் மேல் பிளாஸ்டிக் நிலப்போர்வை விரிக்கிறார்கள். பணம் போட்டு விரித்த பிறகும் சிலருடைய வயலில் நட்ட ஒரு வாரத்துக்குள் நாற்றுகள் சாய்ந்து விடுகின்றன.

சாய்ந்த நாற்றைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். வேர் அழுகாமல் வெண்மையாக இருந்து, தாளைத் தொட்ட இடத்தில் மட்டும் தண்டு சுருங்கியிருந்தால், அது பெரும்பாலும் சூட்டினால் வந்த காயம். இதற்கு மருந்து தெளிப்பது வீண் செலவு.

கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சிக் கொதிக்கும். வெள்ளி நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பும். எனவே ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் கறுப்புமான தாளே கோடைக்கு ஏற்றது. வெள்ளி மேலேயும் கறுப்பு கீழேயும் இருக்க வேண்டும். கீழுள்ள கறுப்பு, ஒளி புகாமல் தடுத்துக் களையை முளைக்க விடாது. மேலுள்ள பளபளப்பு அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் ஆகியவற்றைத் தடுமாறச் செய்வதால், அவை பரப்பும் நச்சுயிரி நோய்களும் குறையும். செடி படர்ந்து தாளை மூடிவிட்டாலோ, தாளில் புழுதி படிந்தாலோ இப்பயன் குறைந்துவிடும்.

இரு பக்கமும் கறுப்பான தாளை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வெயில் காலத்தில் நடுவோர் கறுப்புத் தாளின் மேல் வெள்ளை வர்ணம் அடிப்பதுண்டு. நீரில் கலக்கும் வெள்ளை வர்ணத்தைக் கரைத்து, துளை போடுவதற்கு முன்பே கைத்தெளிப்பானால் அடித்து, நன்கு காயவிட வேண்டும். முதலில் ஒரு பாத்தியில் செய்து பார்ப்பது நல்லது. வர்ணம் இல்லாவிட்டால் துளையைச் சுற்றி வைக்கோல் பரப்பலாம்.

தாளைத் தொய்வில்லாமல் இழுத்து, ஓரங்களை மண்ணில் புதைக்க வேண்டும். தொய்ந்த தாளின் அடியில் தங்கும் வெப்பக் காற்று துளை வழியே வெளியேறி நாற்றை வாட்டும். துளையின் விளிம்பில் ஒரு கைப்பிடி மண் இடுவது அவசியம். நடவை மாலையில் செய்ய வேண்டும்.

அறுவடை முடிந்ததும் தாளை முழுவதும் சுருட்டி எடுத்துவிட வேண்டும். உழுது மண்ணில் கலப்பதும், தீ வைப்பதும் கூடாது.