36 வயதில் வந்த ஐம்பதாவது இடம்!

‘முப்பத்தஞ்சு தாண்டியாச்சு... இனிமே ஓடியாடி விளையாடறதெல்லாம் நமக்கெதுக்கு சார்?’ என்று சொல்கிறவர் உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். ஏன், அது நீங்களாகவே கூட இருக்கலாம்! அவருக்கு ஸ்டெபான் ராபர் என்கிற பிரெஞ்சு டென்னிஸ்காரரைப் பற்றிச் சொல்லுங்கள்.

பெரிய சாம்பியன் இல்லை இவர். 1980-ல் பிரான்ஸில் மோந்தார்ஜி என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். ஏ.டி.பி. போட்டிகளில் ஒற்றையர் இறுதி ஆட்டம் வரை போனது ஒரே ஒரு தடவை. 2010-ல் ஜோகன்னஸ்பர்க்கில். அதிலும் தோல்விதான்.

ரேங்க் குறைவாக இருந்தால் டென்னிஸில் என்ன கஷ்டம் தெரியுமோ? நம்ம ரயில் ரிசர்வேஷன் மாதிரிதான். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் இடம் 128. முதல் நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் கன்ஃபர்ம் டிக்கெட். மற்றவர்கள் முன்கூட்டியே போய் தகுதிச் சுற்றில் மூணு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். மெயின் போட்டி ஆரம்பிப்பதற்குள் பாதி உடம்பு செலவாகிவிடும்!

2011 பிரெஞ்சு ஓபனில் ராபர் அப்படித்தான் நுழைந்தார். ரேங்க் 140. முதல் சுற்றிலேயே எதிரில் நின்றவர் ஆறாம் நிலை வீரர் தாமஸ் பெர்டிச். முதல் இரண்டு செட்டும் போச்சு. மனுஷர் விடவில்லையே! அடுத்த மூன்றையும் எடுத்தார். கடைசி செட் 9-7. அப்போது வயது 31.

2014 ஆஸ்திரேலிய ஓபனில் இன்னும் வேடிக்கை. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றுப் போனார். மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே? யாராவது விலகினால் இடம் கிடைக்குமே என்று காத்திருந்தார். ஜெர்மனியின் கோல்ஷ்ரைபர் காயத்தால் விலக, வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம்! மெல்போர்னில் அந்த வாரம் நான்கு நாள் தொடர்ந்து 41 டிகிரிக்கு மேல் வெயில். மூன்று ஆட்டங்கள் ஜெயித்து நான்காம் சுற்றுக்குப் போனார், 33 வயதில். அங்கே ஆண்டி மர்ரே. முதல் இரண்டு செட்டில் ராபருக்குக் கிடைத்தது மூன்றே கேம்கள். ஆனால் மூன்றாவது செட்டில் நான்கு மேட்ச் பாயிண்ட்களைச் சமாளித்து செட்டையும் பறித்துவிட்டார். விம்பிள்டன் சாம்பியனான மர்ரே கோபத்தில் மட்டையைத் தரையில் அடித்து உடைத்தார் என்றால் பாருங்களேன்! நாலாவது செட்டில் மர்ரே முடித்துவிட்டார், அது வேறு விஷயம்.

சரி, வயதானால் உடம்பு தளராதா? தளரும், சந்தேகமே வேண்டாம். முப்பதுக்கு மேல் தசையின் அளவு மெல்ல மெல்லக் குறையும். இதயம் அதிகபட்சமாகத் துடிக்கக்கூடிய வேகமும் வருஷா வருஷம் கொஞ்சம் இறங்கும். இன்று களைத்த உடம்பு சரியாக முன்னைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆனால் இந்த இறக்கம் ஒரே நாளில் வருவதில்லை. விடாமல் உழைக்கிற தசை மெதுவாகத்தான் தேயும். சும்மா உட்கார்ந்திருக்கும் தசைதான் சீக்கிரம் தேயும். டென்னிஸில் இன்னொரு சௌகரியம், பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே ஊகிக்கிற அனுபவம் ஓட்டத்தை மிச்சப்படுத்தும்.

2016 ஜனவரியில், 35 வயதில், மறுபடி தகுதிச் சுற்று விளையாடி ஆஸ்திரேலிய ஓபனின் மூன்றாம் சுற்று வரை போனார் ராபர். அதே வருஷம் அக்டோபரில், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, உலகின் முதல் 50 பேரில் ஒருவரானார்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே மட்டையும் கையுமாகக் கிளம்பிவிடாதீர்கள்! ராபர் வருஷக்கணக்கில் ஆடியவர். நீங்கள் பத்து வருஷம் கழித்து ஆரம்பிப்பவர். பி.பி., சர்க்கரை இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். முதல் மாதம் வேக நடை போதும். கோர்ட்டில் இறங்குமுன் பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்குங்கள். தோளும் முழங்காலும்தான் முதலில் தகராறு செய்யும். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால், ஸ்கோர் என்னவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.