மாத்தளையின் முற்கால வரலாறு

ஈழநாட்டின் மத்திய மாகாணத்தில், கண்டிக்கு வடக்கே அமைந்துள்ளது மாத்தளை மாவட்டம். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் அரண்போல நிற்க, சுது கங்கை பாயும் பள்ளத்தாக்கு வடக்கு நோக்கித் தாழ்ந்து செல்கின்றது. வடபாலுள்ள வறண்ட நிலத்திலிருந்து மலைநாட்டிற்கு ஏறுவோர்க்கு இயற்கை திறந்துவைத்த வாயில் இதுவே. ஆதலின், மாத்தளையின் வரலாறு பெரும்பாலும் ஒரு பாதையின் வரலாறு எனலாம்.

இம்மாவட்டத்தில் மக்கள் வாழ்ந்த தொன்மையைக் காட்டுவது, தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இப்பன்கட்டுவை என்னும் இடுகாடாகும். ஆங்கே கற்பலகைகளால் அமைந்த ஈமப் பேழைகளும் தாழிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்துள்ளன. கிறித்துவுக்கு முற்பட்ட அப்புதைகுழிகள் தென்னிந்தியப் பெருங்கற்காலப் புதைகுழிகளை ஒத்திருத்தல் கருதத்தக்கது.

மாத்தளை நகருக்கு வடக்கே அணித்தாக விளங்குவது அலுவிகாரை. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடகம் இங்கே ஏட்டில் எழுதப்பெற்றது. போரும் பஞ்சமும் ஓதுவோரை அழித்துவிடின் ஓத்தும் அழியுமே என்னும் அச்சமே அப்பெரும் பணிக்குக் காரணமாயிற்று. எழுதாதது மறையும் என்னும் உண்மையை இம்மண் அன்றே கண்டது.

மாத்தளை என்னும் பெயர்க்குப் பல காரணங்கள் கூறுப. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட கயவாகு மன்னன் சோழநாட்டிலிருந்து கொணர்ந்த பன்னீராயிரம் பேரை இங்கே குடியேற்றினான் என்றும், பெருங்கூட்டம் எனப் பொருள்படும் சிங்களச் சொல்லே இப்பெயராயிற்று என்றும் ஒரு செவிவழிக் கதை உண்டு. மகாவமிசம் இச்செய்தியைக் கூறவில்லை. பிற்கால நூலாகிய இராசாவலிய சிறையெடுத்த கதையைக் கூறும். ஆகவே இதனை வரலாறாகக் கொள்ளாது, தென்னகத்தோடு இருந்த தொடர்பை மக்கள் நினைவு பேணிய வகையாகக் கொள்ளுதலே பொருத்தம்.

அத்தொடர்பிற்குக் கல்லிற் சான்றாக நிற்பது நாலந்தைக் கெடிகே. மாமல்லபுரத்துக் கோயில்களை நினைவூட்டும் பல்லவப் பாணியில், முழுதும் கல்லாலேயே அமைந்த அக்கட்டடத்தில் பௌத்தமும் சைவமும் கலந்து காணப்படுகின்றன. போவத்தன்ன நீர்த்தேக்கம் அமைந்தபோது, அது கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு மேட்டுநிலத்தில் மீண்டும் கட்டப்பெற்றது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர்க் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1840களின் பிற்பகுதியில் கோப்பி விலை வீழ்ச்சியுற, அரசிறை குன்றியது. தேசாதிபதி ரொறிங்டன் பிரபு துப்பாக்கி, நாய், கடை முதலியவற்றுக்கு வரி விதித்தார். வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைப்பும் கட்டாயமாயிற்று. இதனால் 1848 யூலையில் மாத்தளையிற் கிளர்ச்சி மூண்டது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பெற்றார். வீர புரன் அப்பு ஆகத்து 8இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்குழப்பத்தில் அலுவிகாரையின் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன என்பர்.

கோப்பியோடு வந்தவர் பிறிதொரு மக்கட் கூட்டத்தினர். தமிழகத்துச் சிற்றூர்களில் வறுமையுற்ற குடிகள், கங்காணிமாரின் வழிகாட்டலில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக நூறு மைலுக்கு மேற்பட்ட தூரத்தைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். நீரின்மையும் வாந்திபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே மாய்த்தன. அவர்தம் கல்லறைகளுக்குப் பெயரில்லை. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. ஆயினும் வடக்கிலிருந்து வந்தோர் நடந்தே வந்தனர்.

1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தது. தேயிலை, கொக்கோ, இறப்பர் ஆகியன அதன் இடத்தைப் பெற்றன. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டுமே மிகுதியான ஆட்கள் வேண்டியிருந்தனர். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் ஆட்கள் வேண்டும். ஆகவே வந்து மீண்டவர், வந்து தங்கியவர் ஆயினர். மரத்தடியில் வழிபட்ட மாரியம்மனுக்கு 1874இல் மாத்தளையில் எழுந்த ஆலயம், அவர் வேரூன்றியமைக்கு அறிகுறியாகும். மாசிமகத் தேர்விழா இன்றும் அதனை நினைவூட்டுகின்றது.

1948இன் குடியுரிமைச் சட்டம், முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. நடந்து வந்தோரின் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோரிடம் அத்தகைய ஏடு இல்லை. காடழித்துத் தோட்டம் ஆக்கியோர் நாடற்றோர் ஆயினர். 1964இன் ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குச் செல்ல நேர்ந்தது. எஞ்சியோரின் குறை முற்றும் தீர 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எழுத்தின்மையால் விளைந்த இவ்விழப்பை, திரிபிடகத்தை ஏட்டிலேற்றிய அதே மண்ணில் வைத்து எண்ணுதல் வேண்டும். மன்னர் பெயரைக் கல்வெட்டும், கிளர்ச்சித் தலைவர் பெயரை அரசாங்க ஏடும் காத்தன. நடந்து வந்தவர் பெயரைக் காப்பவர் யார்? தோட்டத்துப் பதிவேடுகளும், கோயிற் கணக்குகளும், முதியோர் வாய்ச்சொல்லும் இன்னும் ஓரளவு எஞ்சியுள்ளன. அவற்றைத் தேடி எழுதிவைத்தல் மாத்தளை மாணவர்க்கு உரிய கடனாகும். அது நிறைவேறும்போதே இம்மாவட்டத்தின் வரலாறு முழுமை பெறும்.