கையை உயர்த்துமுன்



தேர்தல் வந்துவிட்டால் கற்பிட்டி முதல் சிலாபம் வரை நமது கரையோர ஊர்களில் கூட்டங்களுக்குக் குறைவிருக்காது. "சம்மதமா?" என்று மேடை கேட்கும். நூற்றுக்கணக்கான கைகள் உயரும். எதற்குச் சம்மதித்தோம் என்பது மறுநாள் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

கையை உயர்த்தினால் வரக்கூடிய துன்பத்தை முதலில் எடுத்துச் சொன்ன ஒரு தலைவரும் இருந்தார்.

தென்னாபிரிக்காவின் ட்ரான்ஸ்வால் அரசு 1906இல் ஒரு சட்டம் கொண்டுவர முனைந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட இந்தியர் அனைவரும், பெண்கள் உட்பட, கைரேகை வைத்துப் பதிய வேண்டும். வீட்டினுள் நுழைந்தும் பொலிஸார் பத்திரம் கேட்கலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் மண்ணில் பதிவுக்காகக் காத்து நின்ற சகோதரிகளுக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

அவ்வாண்டு செப்டெம்பர் 11இல் ஜொஹன்னஸ்பேர்க் நகரில் எம்பயர் அரங்கில் சுமார் 3,000 பேர் திரண்டனர். தலைமை வகித்தவர் அப்துல் கனீ. இச்சட்டத்துக்குப் பணிவதில்லை என்ற தீர்மானத்தை ஆதரித்துப் பேசிய சேட் ஹாஜி ஹபீப், இதை இறைவன் மீது ஆணையிட்டே நிறைவேற்ற வேண்டும் என்றார்.

அங்கிருந்த காந்தி திடுக்கிட்டார். அவருக்கு அப்போது 36 வயது. எழுந்து நின்று சபையை எச்சரித்தார். இறைவனைச் சாட்சியாக்கிய வாக்கை முறிக்கக் கூடாது; சிறை வரும், பசி வரும், சொத்துப் போகும், நாடுகடத்தவும் படலாம்; மற்றவரைப் பார்த்து அல்ல, தன் உள்ளத்தைக் கேட்டே ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டும் என்றார். அதன் பின்னரே சபை எழுந்து கை உயர்த்திச் சத்தியம் செய்தது.

சத்தியத்தின் பாரம் நாம் அறியாததல்ல. முறித்தவர் பத்து ஏழைகளுக்கு உணவளிப்பது போன்ற கஃப்பாராவை மார்க்கம் விதித்திருக்கிறதே!

எதிர்ப்பினால் பெண்கள் அச்சட்டத்திலிருந்து நீக்கப்பட்டனர். ஆண்களுக்கு அது 1907இல் சட்டமாயிற்று. 1908 ஓகஸ்ட் 16இல் ஹமீதியா பள்ளிவாசல் முன்றலில் 2,000க்கும் அதிகமான பத்திரங்கள் எரிக்கப்பட்டன. இடையில் சோர்ந்து விலகியவர்களும் உண்டு. ஆனால் 1913இல் பெண்களும் சிறை புகுந்தனர். 1914இல் வந்த நிவாரணச் சட்டம் இந்தியரின் திருமணங்களையும் அங்கீகரித்தது.

மேடையில் கொடுக்கும் வாக்கின் சுமை கடைசியில் அடுப்படிக்குத்தான் வந்து சேருகிறது. ஆகவே சகோதரிகளே, கூட்டத்துக்குப் போய் வருபவரிடம் "எவ்வளவு சனம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "என்ன வாக்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள்?" என்றும் கேளுங்கள். நீங்களே போனால், அதை உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.